ரேடியேட்டரில் சிறு கசிவு: அறிகுறியைக் கொண்டு இடத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

ஊசிமுனை அளவு துளை விழுந்த ரேடியேட்டர், தண்ணீரை இழப்பதற்கு வெகு முன்பாகவே அழுத்தத்தை இழந்துவிடுகிறது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளாமல் கசிவைத் தேடுகிறவர்கள், தரையில் ஈரம் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் அதற்குரிய பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது, ஆகவே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிப் புறப்பட்டு, மலைப்பாதையின் பாதியில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கடல்மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கூலன்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கலவை 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால், வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், அழுத்தம் நிற்காத ரேடியேட்டரிலுள்ள வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்குவதே 95 டிகிரியை ஒட்டித்தான். கசிவை அசட்டை செய்து, குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுகிற வண்டி, விசிறி சுழல்வதற்கு முன்பே கொதிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கீழே சொல்லியிருப்பவை இன்று நம் சாலைகளில் பெரும்பாலும் ஓடுகிற சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பொருந்தும். இவற்றின் ரேடியேட்டரில், மெல்லிய குழாய்களும் அவற்றுக்கிடையே தகடுகளும் கொண்ட நடுப்பகுதியான கோர் அலுமினியத்தால் ஆனது. அதன் இரு முனைகளிலும் உள்ள தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலானால் ஆனவை. இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கெட் உண்டு. அலுமினியத் தகட்டின் விளிம்பிலுள்ள பற்களை மடித்து நைலான் தொட்டியைக் கவ்வ வைத்திருப்பார்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளின் செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு வைத்தியம் வேறு; அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

ஓடி நின்ற எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் உடனே திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் திரவம் கொதிநிலையைத் தாண்டிய சூட்டில், அழுத்தம் ஒன்றினாலேயே அடங்கிக் கிடக்கிறது. மூடி திறந்து அழுத்தம் விடுபட்ட கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாக மாறி, மீதியை முகத்தின் மேல் அள்ளி வீசும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை விரல்களால் அழுத்திப் பாருங்கள். அது விறைப்பாக இருந்தால் அழுத்தம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். தளர்ந்திருந்தால், நான்காக மடித்த பழைய துணியை மூடியின் மேல் போட்டு, முதல் தடைவரை மட்டும் திருப்பி, சீறல் ஓசை முழுக்க அடங்கிய பிறகு அழுத்தித் திருப்பிக் கழற்ற வேண்டும். சில கார்களில் ரேடியேட்டரின் மேல் மூடியே இருக்காது. பிளாஸ்டிக் டப்பாவின் மூடிதான் அழுத்தத்தைப் பிடிக்கிற மூடி. அதற்கும் இதே கவனம் வேண்டும்.

சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்பும் மின்விசிறி தானாகச் சுழலும் என்பதால், விரல்களை அதன் அருகே கொண்டுபோவதற்கு முன் விசிறியின் மின்இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சும் அதுவே. தரையில் வழிந்ததைத் தெருநாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். வடிப்பதற்கு முன் அகன்ற பேசினை அடியில் வையுங்கள். சிந்தியதை மணல் போட்டு அள்ளி, தண்ணீர்விட்டுக் கழுவுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள்.

டப்பாவில் மட்டம் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை

சிறு கசிவின் மிகப் பொதுவான முகம் இதுதான். சூடான உலோகத்தின் மேல் கசிகிற துளி, தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடுகிறது. தண்ணீர் போனாலும், அதில் கரைந்திருந்த சாயமும் உப்புகளும் போக வழியில்லாமல் அங்கேயே உலர்ந்து படிகின்றன. ஆகவே இங்கே தேட வேண்டியது ஈரத்தை அன்று, கறையை.

முதலில் குறைவு உண்மைதானா என்று அளந்துகொள்ளுங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், சமதரையில் வண்டியை நிறுத்தி, டப்பாவின் வெளிப்புறத்தில் திரவத்தின் மட்டத்துக்கு நேராக ஒரு காகித டேப்பை ஒட்டிக் கோடு போடுங்கள். ஓடிய கிலோமீட்டரையும் அதன்மேல் எழுதுங்கள். சூடாக இருக்கும்போது திரவம் விரிந்து மட்டம் உயர்ந்திருக்கும் என்பதால், ஒரு நாள் சூட்டில் பார்த்து மறுநாள் குளிரில் பார்ப்பது இல்லாத கசிவை இருப்பதாகக் காட்டும். ஒரு வாரத்தில் கோட்டுக்குக் கீழே விரல் பருமன் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது.

அடுத்ததாக, ரேடியேட்டரைத் தொடுவதற்கு முன் மூடியைப் பாருங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் வண்டியில் மாதத்துக்குக் கால் லிட்டர் அளவுக்குக் குறைந்துகொண்டிருந்தபோது, ஒரு பணிமனையில் ரேடியேட்டர் பழுதென்று சொல்லிப் புதியதை மாட்டினார்கள்; பழைய மூடியையே திரும்பப் போட்டார்கள்; குறைவது நிற்கவில்லை. மூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான், அதன் அடியிலுள்ள ரப்பர் வளையம் கல்லாக இறுகி, ஓரிடத்தில் முடி பருமனுக்கு வெடித்திருப்பது தெரிந்தது. நகத்தால் அழுத்தினால் குழிந்து எழ வேண்டிய ரப்பர், நகத்தின் தடத்தைக்கூட வாங்கவில்லை. சில நூறு ரூபாய் மூடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

மூடியின் தலையில், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் 0.9 அல்லது 1.1 என்று எண் பொறித்திருக்கும்; இது ஏறத்தாழ பார் அளவுக்குச் சமம். சில மூடிகளில் அதே அளவை 88 அல்லது 108 என்று கிலோபாஸ்கல் கணக்கில் போட்டிருப்பார்கள். புதிய மூடியில் அதே எண் இருக்க வேண்டும். அதிக எண்ணுள்ள மூடியைப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பலவீனமான இடம் எதுவோ அது அந்தக் கூடுதல் அழுத்தத்தில் விட்டுக்கொடுக்கும். மூடி உட்காருகிற கழுத்தின் உள்விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள்; அங்கே உப்பு படிந்திருந்தாலோ, நைலான் சிலும்பியிருந்தாலோ புதிய மூடியும் அழுத்தத்தைப் பிடிக்காது.

மூடி நன்றாக இருந்தால் கறையைத் தேடலாம். பகல் வெளிச்சத்தைவிட, இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது நல்லது. சாய்ந்து விழும் ஒளியில் உலர்ந்த படிவம் நிழலோடு எழுந்து தெரியும். கை நுழையாத இடங்களுக்கு முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை நீட்டிப் பிடியுங்கள். கூலன்டின் நிறத்தைப் பொறுத்து, கடுகளவு பச்சைப் பொருக்கோ இளஞ்சிவப்புப் பொருக்கோ, வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியானால் வெண்மையான உப்புக் கோடோ தெரியும். தேட வேண்டிய வரிசை இது: தொட்டியும் கோரும் சேரும் விளிம்பு, அதிலும் கீழ் மூலைகள், மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் மாட்டப்பட்ட வாய்கள், கீழே உள்ள வடிப்புத் திருகு, பிறகு கோரின் முகம். கறையைப் பார்த்ததும் துடைத்துவிடாதீர்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு துடைத்து, இரண்டு நாள் ஓட்டி, மீண்டும் அதே இடத்தில் வருகிறதா என்று பார்த்தால்தான் அது இன்றைய கசிவா, என்றோ ஊற்றும்போது சிந்தியதா என்பது உறுதியாகும்.

கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால், அழுத்தச் சோதனைக் கருவி வைத்திருக்கும் பணிமனைக்குப் போங்கள். மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பு ஒன்றை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் எண் வரை மட்டும் அழுத்தம் ஏற்றி, 15 நிமிடம் முள்ளைக் கவனிப்பார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில் இதைச் செய்வதால், கசிந்த துளி ஆவியாகாமல் அப்படியே நின்று காட்டிக்கொடுக்கும். எனக்குத் தெரிந்தவரை, யூகத்தை முடித்துவைப்பதில் இதற்கு இணையான சோதனை வேறில்லை. பணிமனையில் ரேடியேட்டரை மாற்றச் சொன்னால், இந்தச் சோதனையைச் செய்து, துளி வரும் இடத்தைக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை.

வண்டி நின்ற இடத்தில் ஈரம் இருக்கிறது

அது கூலன்ட்தானா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். ஏசி ஓடிய வண்டியிலிருந்து சொட்டுவது பெரும்பாலும் காற்றின் ஈரப்பதம் குளிர்ந்து வடிந்த நீர். அது நிறமும் மணமும் இல்லாமல், முன்பயணி கால்வைக்கும் இடத்துக்குக் கீழே சொட்டும். வெயிலில் சுவடில்லாமல் காய்ந்துவிடும். கூலன்ட் விரல்களுக்கிடையே வழுக்கும், இனிப்பாக மணக்கும், காய்ந்த பிறகும் தரையில் பிசுபிசுப்பான வட்டமாக நிற்கும். சுவைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது கூடவே கூடாது.

இரவில் வண்டியின் முன்பகுதிக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு, சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவைத்தால், காலையில் துளி விழுந்த இடத்தை வண்டியோடு பொருத்திப் பார்க்கலாம். முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் விழுந்திருந்தால் ரேடியேட்டரையோ அதன் ஹோஸ்களையோ சந்தேகிக்கலாம். எஞ்சினின் பெல்ட் ஓடும் பக்கத்தில் விழுந்திருந்தால் வாட்டர் பம்பைப் பார்க்க வேண்டும். பம்பின் உள்சீல் தேய்ந்தால் கசிவதை வெளியே காட்டுவதற்கென்றே அதன் உடலில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளையிலிருந்து வழிந்த தடம் இருந்தால் பம்பை மாற்றுவதே வழி. துளையை அடைப்பது, தண்ணீரைப் பேரிங்குக்குள் திருப்பிவிடுவதாகும்.

ஓடும்போது காற்று துளியைப் பின்னோக்கித் தள்ளும், நிற்கும்போது துளி கீழ்நோக்கி வழியும். ஆகவே ஈரம் கண்ட இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் தேடிக்கொண்டு போக வேண்டும்.

காலையில் மட்டும் சொட்டுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது

இது பெரும்பாலும் ஹோஸ் கிளிப்பின் வேலை. குளிரில் ரப்பரும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்கி நூலளவு இடைவெளி விடுகின்றன. சூடானதும் விரிந்து மூடிக்கொள்கின்றன. திருகிப் பூட்டும் கிளிப்பானால் அரைச்சுற்று இறுக்கிப் பாருங்கள். கையின் பலத்தையெல்லாம் காட்டினால் நைலான் வாய் உடைந்துவிடும். சுருள்வில் போன்ற கிளிப்பானால், அது பழைய தடத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்த்து அதே தடத்தில் உட்காரவையுங்கள். ஹோஸின் முனை தடித்து, அழுத்தினால் நொறுங்குவது போல இருந்தால், முனையை ஓர் அங்குலம் வெட்டி மீண்டும் மாட்டுவதைவிட ஹோஸையே மாற்றுவது நல்லது. ஒரு முனை இறுகிவிட்ட ரப்பர் மறுமுனையிலும் இறுகித்தான் இருக்கும்.

சூடானால்தான் கசிகிறது, தொட்டியின் விளிம்பில் கறை

நைலானும் அலுமினியமும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் விரிந்து சுருங்கும் இந்த இழுபறியைத் தாங்குவது நடுவிலுள்ள கேஸ்கெட்தான். பல ஆண்டுகளில் அது நெகிழ்வை இழக்கும்போது, அழுத்தமும் சூடும் ஏறிய பிறகே விளிம்பில் கசிவு தெரியும்.

இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கறை மடிப்புப் பற்களுக்கு நடுவிலிருந்து வந்தால் கேஸ்கெட் பழுது. தொட்டியின் உடலிலேயே, பெரும்பாலும் ஹோஸ் வாயின் அடியில், முடி போன்ற கோட்டிலிருந்து வந்தால் நைலான் வெடித்திருக்கிறது. முதல் நிலையில், தளர்ந்த பற்களை அகன்ற வாயுள்ள இடுக்கியால் ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாக அழுத்திவிட்டால் சில வாரமோ சில மாதமோ தாங்கும். நிலையான தீர்வு, ரேடியேட்டர் கடையில் தொட்டியைக் கழற்றி, விளிம்பைச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கெட் வைத்து மடிப்பது. அந்தப் பற்கள் ஓரிரு முறை மடிப்பதைத்தான் தாங்கும். முன்பே ஒருமுறை திறந்த ரேடியேட்டரா என்று கடைக்காரர் பார்த்துச் சொல்வார்.

இரண்டாவது நிலையில், இரண்டு பகுதியைப் பிசைந்து வைக்கும் எபாக்ஸிப் பசையான புட்டியால் அடைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நைலானில் எபாக்ஸி நன்றாகப் பிடிப்பதில்லை. விரிசலும் ஒவ்வொரு சூட்டிலும் நீண்டுகொண்டே போகும். தொட்டி தனியாகக் கிடைக்கும் வண்டியானால் தொட்டியை மாற்றலாம். இல்லையென்றால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும்.

கோரின் முகத்தில் ஈரம்

கல் தெறித்தோ, கம்பி குத்தியோ, அதிவேகப் பம்பில் அடித்துக் கழுவியபோது தகடுகள் மடிந்து குழாயில் உராய்ந்தோ கோரில் துளை விழலாம். கடின நீரைப் பல ஆண்டுகள் ஊற்றிய வண்டியில் உள்ளிருந்தே அலுமினியம் அரித்துத் துளை விழுவதும் உண்டு. முதல் வகை ஓரிடத்துப் புண், அதை அடைக்கலாம். இரண்டாவது வகையில் இன்று ஒரு துளையை அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொன்று விழும். மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்: குழாய் வாய்களில் வெண்ணிறச் சுண்ணமோ பழுப்புச் சேறோ படிந்திருந்தால், அடைக்கும் வேலையில் பணத்தையும் நாளையும் போக்க வேண்டாம்.

வெளியடியால் விழுந்த துளைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. ரேடியேட்டரை முழுக்க வடித்துவிட்டு, முடிந்தால் கழற்றி வெளியே எடுங்கள். துளையைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குத் தகடுகளை நுனி கூரான இடுக்கியால் மெல்ல விலக்கிக் குழாயை வெளிப்படுத்துங்கள். குழாயின் சுவர் மிக மெல்லியது என்பதால், உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, பளபளப்பு போய் மங்கலான வெள்ளை வரும் வரை மட்டும் தேயுங்கள். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பசையோ ஈரமோ துளியளவு இருந்தாலும் எந்தப் புட்டியும் பிடிக்காது. இந்த வேலை தோற்பது பெரும்பாலும் இந்தப் படியில்தான். புட்டி வாங்கும்போது, அது எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று உறையில் போட்டிருப்பதைப் படித்து, 120 டிகிரிக்குக் குறையாததைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர்க் குழாய்க்கென்று விற்பது எல்லாம் இதற்கு உதவாது. இரண்டு பகுதியையும் நிறவேறுபாடு மறையும் வரை பிசைந்து, முதலில் சிறிதளவைத் துளைக்குள் அழுத்தி, அதன்மேல் குழாயைச் சுற்றிப் போர்த்துவது போல மீதியை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிட்டது போலத் தோன்றும். ஆனாலும் 24 மணி நேரம் விட வேண்டும்.

ரேடியேட்டர் கடையில் வேறு வழியும் செய்வார்கள். அங்கே சிமென்ட் தொட்டி ஒன்று இருக்கும். ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் அடைப்பான்களால் மூடி, ஒரு வாயில் காற்றுக்குழாயைச் செருகி, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத் தண்ணீருக்குள் அமிழ்த்துவார்கள். தகடுகளுக்குள் சிக்கியிருந்த காற்று முதலில் கொத்தாக வெளியேறும். அதைப் பார்த்து அவசரப்பட்டுவிடாமல், அது அடங்கியபின் ஒரே இடத்திலிருந்து மணி கோத்தது போல வரிசையாக எழும் குமிழிகளுக்காக அந்தக் கடைக்காரர் காத்திருந்து, விரலை அந்த இடத்தில் வைத்துக் குமிழி நிற்கிறதா என்று பார்த்த பிறகே சாக்பீஸை எடுப்பார். துளை எட்டாத இடத்தில் இருந்தால், அந்தக் குழாயின் இரு முனைகளையும் அடைத்து அதை மட்டும் ஓட்டத்திலிருந்து நீக்கிவிடுவதும் உண்டு. பல பத்துக் குழாய்களில் ஒன்றிரண்டு போனால் குளிர்விக்கும் திறன் பெரிதாகக் குறையாது. அதற்கு மேல் போனால் கோடையில் தெரியும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டர் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். துத்தநாகத் துண்டுகளைப் போட்டு அடங்கவைத்த அமிலத்தைத் தடவி, ஈயம் பற்றவைத்தால் கசிவு நிலையாக நிற்கும். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு படலம் மூடியிருப்பதால் அந்த ஈயம் ஒட்டாது. தொழிற்சாலையில் இந்தக் கோர்களை நைட்ரஜன் சூழ்ந்த உலையில் 600 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இணைக்கிறார்கள்.

டப்பா நிரம்பியிருக்கிறது, ரேடியேட்டரில் குறைகிறது

மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது, அழுத்தம் மிகும்போது திறந்து கூலன்டை டப்பாவுக்கு அனுப்புகிறது. நடுவிலுள்ள சிறியது, எஞ்சின் குளிரும்போது திறந்து அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள விடுகிறது. சிறிய வால்வு ஒட்டிக்கொண்டால் போனது திரும்பாது. குளிர்ந்த வண்டியில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடப்பது இதற்கு அடையாளம். மூடி நன்றாக இருந்தும் இதே நிலை என்றால், ரேடியேட்டர் கழுத்திலிருந்து டப்பாவுக்குப் போகும் மெல்லிய குழாயைப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தால், திரும்பும்போது கூலன்டுக்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும்.

வண்டிக்குள் இனிப்பு மணம், கண்ணாடியில் எண்ணெய் போன்ற படலம்

டாஷ்போர்டுக்குள் இருந்து வண்டிக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது. முன்பயணியின் காலடி விரிப்பை விலக்கி அடியில் தடவிப் பார்த்தால் பிசுபிசுப்பு தெரியும். கோரை மாற்ற டாஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் செலவு பிடிக்கும். சமவெளியில் ஹீட்டர் தேவைப்படாதவர்கள், எஞ்சின் அறைச் சுவருக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் ஓர் இணைப்புக் குழாயால் நேரடியாகச் சேர்த்துவிட்டுச் சில காலம் ஓட்டலாம். மலையில் வாழ்பவர்களுக்கு, பனிக்காலத்தில் முன்கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க ஹீட்டர் வேண்டும். அவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

எங்கும் கறை இல்லை, அழுத்தம் மட்டும் இறங்குகிறது

வெளியே போகவில்லை என்றால் எஞ்சினுக்குள் போகிறது. குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் கழுத்தில் குமிழிகள் விடாமல் எழுவது, சூடான பின்பும் புகைபோக்கியிலிருந்து இனிப்பு மணத்தோடு வெண்புகை வருவது, எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடை போலக் குழம்பியிருப்பது ஆகியவை, எஞ்சினின் உடலுக்கும் அதன் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டின் பழுதைக் காட்டும். குளிர்காலக் காலையில் சில நிமிடம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. பணிமனையில் கூலன்டின் மேலுள்ள காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே செலுத்திப் பார்ப்பார்கள். எஞ்சினில் எரிந்த புகை அதில் கலந்திருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். ஹெட் கேஸ்கெட் பழுதென்று தெரிந்த வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது, கேஸ்கெட் செலவை எஞ்சின் செலவாக்கிவிடும்.

பாதி வழியில் வெப்பம் காட்டும் முள் ஏறுகிறது

ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் திருப்புங்கள். வண்டிக்குள் அனல் அடிக்கும், ஆனால் அந்த அனல் எஞ்சினிலிருந்து எடுக்கப்பட்டது. பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மூடியைத் தொடாமல் காத்திருங்கள். சூடான எஞ்சினின் மேலோ உள்ளேயோ குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் கோணிப்போகலாம் அல்லது வெடிக்கலாம். நன்றாக ஆறிய பின், கிடைக்கிற குடிதண்ணீரை எஞ்சின் ஓடும் நிலையில் சிறிது சிறிதாக ஊற்றலாம். மூடியை முதல் தடையில் தளர்த்தி வைத்து ஓட்டினால் அழுத்தம் ஏறாது, கசிவு குறையும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது சமதரையில், மெதுவாக, அடுத்த ஊர் வரை போவதற்கு உண்மை. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அதைச் செய்யக் கூடாது. கொதிநிலை இறங்கிவிட்ட எஞ்சினுக்கு அந்த ஏற்றம் தாங்காது.

மஞ்சள் தூள் போடுவதைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். அது பொய்யன்று. நீரில் ஊறிய தூள் கசிவின் ஓட்டத்தோடு துளைக்கு வந்து, அங்கே நெரிசலாகி அடைத்துக்கொள்கிறது. அகன்ற குழாய்கள் இருந்த செம்பு ரேடியேட்டர் காலத்து லாரி ஓட்டுநர்கள் அதை வைத்து ஊர் சேர்ந்திருக்கிறார்கள். இன்றைய அலுமினியக் குழாயின் உள் இடைவெளி 2 மில்லிமீட்டர் அளவே. தூளுக்குத் துளையும் குழாயும் ஒன்றுதான். கடையில் விற்கும் கசிவடைப்பான் திரவங்களும் இதே தத்துவத்தில் சற்று நுட்பமாக வேலை செய்பவை. வேறு வழியில்லாத பயணத்தில், கசிவு வியர்ப்பது போல மட்டும் இருக்கும்போது, சொன்ன அளவுக்கு மிகாமல் ஒரே ஒருமுறை ஊற்றுங்கள்; ஊர் சேர்ந்ததும் முழுக்க வடித்துக் கழுவிவிட்டு, உண்மையான பழுதைச் சரிசெய்யுங்கள். ஹீட்டர் கோரும், சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டும் அடைபட்டு, சிறு கசிவோடு வந்த வண்டி பெரிய செலவோடு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரிசெய்தபின் நிரப்புவது

கூலன்டும் கனிமம் நீக்கிய தண்ணீரும் சரிபாதி கலக்குங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம். கூலன்டின் நிறம் அதன் வகையை உறுதியாகச் சொல்லாது. வண்டியின் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசிவிட்டு நிரப்புங்கள்.

காற்றை வெளியேற்றுவதில் பொறுமை வேண்டும். வண்டியின் முகம் சற்று மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி மெதுவாக ஊற்றுங்கள். காற்று விடும் திருகு இருந்தால், குமிழியில்லாமல் திரவம் வரும் வரை அதைத் தளர்த்தி வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்திவிடுங்கள். 82 அல்லது 88 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது மீண்டும் நிரப்பி மூடுங்கள். விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும் வரை காத்திருந்து எஞ்சினை அணையுங்கள்.

மறுநாள் காலை டப்பாவில் சிறிது குறைந்திருப்பது, உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறியதால்தான். நிரப்பிவிட்டு, புதிய டேப்பை ஒட்டிக் கோடு போடுங்கள். ஒரு வாரத்துக்கு நாள்தோறும் காலையில் மட்டத்தையும், சரிசெய்த இடத்தை டார்ச் அடித்தும் பாருங்கள். எட்டாவது நாள் காலையிலும் கோடும் மட்டமும் ஒன்றாக இருந்து, அந்த இடமும் உலர்ந்திருந்தால் டேப்பைக் கிழித்துவிடலாம்.